நான் அடைத்த ஜாலி

மாப்ளே,

சென்னையில் மகன் வீட்டுச் சுவரில் இன்று ஒரு பெட்டி மாட்டினார்கள். ஏ.சி. போட்டு எந்நேரமும் மூடியே கிடக்கும் வீடு. மாட்ட வந்த மெக்கானிக்கிடம் அது எதற்கு என்று கேட்டேன். "உள்ள அடைஞ்ச காத்த வெளிய தள்ளிட்டு, வெளிக்காத்த உள்ள இழுக்கும் ஐயா. ரெண்டும் கலக்காம ஒண்ண ஒண்ணு ஒட்டிப் போறப்ப, வர்ற காத்தோட சூடும் ஈரமும் போற காத்துல ஏறிக்கும். கரன்ட்டும் மிச்சம், சுவர்ல பூஞ்சையும் பிடிக்காது" என்றார். பூஞ்சை என்றதும் எனக்கு உன் இருமல்தான் கேட்டது. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

அன்று ஊரில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு மிராசுதாரின் ஆட்கள் நம் தெருவைக் கொளுத்தினார்கள். கூரைக் கீற்று இடுக்கில் தீப்பந்தத்தைச் செருகினார்கள். என் அம்மா உள்ளே இருந்தாள். அப்புறம் ஆட்சி மாறியது, மேடை மேடையாக நம்மைப் பற்றிப் பேசினார்கள், நாமும் மனு கொடுத்துக் கால் தேய்ந்தோம். கடைசியில் வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் வந்தன. என் தங்கையைக் கட்டிக்கொண்ட நீ அடுத்த வீட்டில் குடியேறினாய்.

ஒவ்வொரு வீட்டிலும் கூரையை ஒட்டி, காற்று வர ஓட்டை ஓட்டையாக இரண்டு சிமென்ட் ஜாலி வைத்திருந்தான் மேஸ்திரி. குடிபோன வாரமே களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அத்தனையையும் அடைத்தவன் நான்.

"கான்கிரீட் எரியுமா மச்சான்?" என்றாய்.

"ஓட்டை வழியாப் பந்தத்தப் போட்டா உள்ள இருக்கிற ஆளு எரியும்ல?"

நீ மண் அள்ளிக் கொடுத்தாய்.

ஐப்பசி அடைமழையில் குறுவை அறுத்தோம். கூலியாக வந்த நெல் சொட்டச் சொட்ட ஈரம். வெளியே காயப்போட வழியில்லை, வீட்டுக்குள் பரப்பினோம். அதே அறையில் ஈரத்துணி, அதே அறையில் நனைந்த விறகின் புகை. சுவர் வியர்த்து வழிந்தது. மூலையெல்லாம் பச்சையாகப் பூஞ்சை படர்ந்தது. உனக்கு மூச்சு இழுப்பு வந்தது.

"தீக்குப் பயந்து என்னத் தண்ணியில போட்டுட்டியே" என்று சிரித்தாய். சிரிப்பு முடிவதற்குள் இருமல் முந்திக்கொண்டது. பிறகு மெதுவாக, "ஒரு ஓட்டையயாவது தொறந்து விடேன் மச்சான்" என்றாய். கடப்பாரை உன் வீட்டிலேயே இருந்தது. நீயே இடித்திருக்கலாம், என்னிடம் கேட்டாய். வெளியூர் ஆட்களை இறக்கிச் சம்பா அறுக்கப் போவதாக மிராசுதார் மிரட்டிக்கொண்டிருந்த நேரம் அது; மறுபடி பந்தம் வருமென்று பயந்தேன். "அறுப்பு முடியட்டும்" என்றேன்.

மார்கழியில் உன்னைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், "வீட்ல காத்து வருமா?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள், "நல்லா வருதுங்க" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். டாக்டர் உன் பக்கம் திரும்பினார். நீ தலையாட்டினாய். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தை அறுப்புக்கு நீ இல்லை. உன்னைப் புதைத்த மறுநாள் காலையில் கடப்பாரையோடு உன் வீட்டுக்கு வந்து இரண்டு ஜாலியையும் இடித்துத் திறந்தேன். தங்கை வாசலில் நின்று, "இப்ப எதுக்குண்ணே?" என்றாள். "இனிமே பயமில்ல" என்றேன். அதுவும் பொய்தான். விதி முடிந்துவிட்டது என்று இன்றும் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கிழவனாகியும் அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

நீ ஏன் தலையாட்டினாய் என்று எனக்குத் தெரியும். காற்று வராது, ஜாலியை அடைத்திருக்கிறது என்று நீ சொல்லியிருந்தால், ஏன் அடைத்தாய் என்று டாக்டர் என்னைக் கேட்டிருப்பார். முன்பின் தெரியாத ஆளிடம் நான் என் அம்மா எரிந்ததைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைச் சொல்லவிடாமல் என்னைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனாயே, பாவி.