மந்திரித்த பனிச்சறுக்குப் பலகைகள்

18 மே 2025, ஞாயிறு

நிர்மலன் பாலிடெக்னிக் முடித்து செங் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். முதல் மாதமே அவனை நம்பி ஒரு மெஷினை ஒப்படைத்திருக்கிறார்கள். அவன் தம்பி திலீபன் மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது. முதலில் வந்தவனுக்குக் கால் நீளம், அவ்வளவுதான். இவர்கள் மகள் வயிற்றுப் பேரன்கள். என் மகன் ஜேசனுடைய மூத்தவள் மெலிசா ஜப்பானில், ஹொக்காய்டோவில், பனிமலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். நம் குடும்பத்தில் பனியை மிதித்த முதல் கால் அவளுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த ஊர்ப் பெயரை எழுதவே மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.

அங்கே பனிக்காலம் முடிந்துவிட்டது. நவம்பர் வரை கோலாலம்பூரில் டியூஷன் வேலை. தங்கியிருக்கும் அறையில் இடம் இல்லையென்று சறுக்குப் பலகை இரண்டையும் காலில் மாட்டும் சப்பாத்தையும் என்னிடம் விட்டுப் போக வந்தாள். இரண்டு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. ஜனவரியில் பெரிய டீச்சர் பரீட்சை. இந்தப் பலகையில்தான் எழுத வேண்டுமாம். எழுதுவதில்லை, சறுக்குவது.

என் பழைய இஸ்திரிப் பெட்டியால் மெழுகை உருக்கி, பலகையின் அடியிலும் இரும்பு ஓரத்திலும் தடிமனாகப் பூசினாள். பெட்டி இனித் துணிக்கு ஆகாது. போகட்டும். வெயில் கூடாது, ஈரம் கூடாது, சிமெண்டுத் தரையில் நிறுத்தக் கூடாது, ஜிங்க் கூரைக்கடியில் பரணில் போடக் கூடாது என்று அடுக்கினாள். சப்பாத்தின் உள்ளுறையைத் தனியாக எடுத்துக் காயவைத்து, கொக்கிகளை லேசாக மாட்டிவைத்தாள்.

“பாட்டி, இந்த வெள்ளையா இருக்குறது அழுக்கு இல்ல. இரும்புக் கரை துரு புடிக்காம இருக்கத்தான். இந்தத் தங்கா பத்துல கடல் காத்து வேற. போறப்ப நானே சுரண்டிக்குவேன், ஓகேவா?”

சரி சரி என்று தலையாட்டினேன்.

7 ஜூன், சனி

ஜெபக்கூட்டம் இன்று நம் வீட்டில். ஜெபமாலை முடிந்ததும் பலகையை எடுத்துக் காட்டினேன். எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். நாத்தனார் பிரிஜிட் சும்மா இருப்பாளா?

“அண்ணி, இத மாட்டிக்கிட்டு எப்படி நடக்குறது?”

“நடக்குறதுக்கு இல்லடி, பறக்குறதுக்கு.”

“பறந்து எங்க போய் விழுறது?”

சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு இருமல் வந்துவிட்டது. காட்டக் கூடாதென்று மெலிசா சொல்லவில்லையே.

14 ஜூன், சனி

ரெம்பியாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். காட்டினேன்.

23 ஜூலை, புதன்

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னம்மாள் திருநாள். பூசை முடிந்து கார், மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் பரீட்சைப் பேனா எல்லாம் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை எங்கள் மோட்டாரும் வருடா வருடம் அந்த வரிசையில் நிற்கும். மெலிசாவின் பலகை ஏன் நிற்கக் கூடாது? மலையில் சறுக்கும் பிள்ளை. விழுந்தால் யார் பிடிப்பது?

26 ஜூலை, சனி

பையைத் திறந்து பார்த்தால் பலகை பூராவும் மெழுகு, ஒழுகி உறைந்த மெழுகுவர்த்தி மாதிரி. இப்படியா சாமியார் முன்னால் கொண்டுபோய் வைப்பது? மர அகப்பையால் மெதுவாகச் சுரண்டினேன். எப்படியும் அவளே சுரண்டப் போவதுதானே. துணி போட்டுத் துடைத்ததும் இரும்புக் கரை பளபளவென்று வந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

27 ஜூலை, ஞாயிறு

ஒரு லாரிக்கும் ஒரு மைவி காருக்கும் நடுவில் என் பேத்தியின் பலகைகள்! சாமியார் இளம்பிள்ளை. நின்று பார்த்தார்.

“இது எந்த ஊரு வண்டி பாட்டி?”

“ஜப்பான் ஃபாதர். என் பேத்தி பனியில ஓட்டுவா. டீச்சர் அவ.”

“அப்ப கூடக் கொஞ்சம் தெளிச்சிரலாம்” என்று சிரித்துக்கொண்டே மூன்று தடவை நன்றாகத் தெளித்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பிரிஜிட் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்தாள், தடுத்துவிட்டேன். தீர்த்தத்தை யாராவது துடைப்பார்களா? அப்படியே பையில் வைத்து ஜிப்பை இழுத்து, வீட்டில் அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினேன்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மழை. துணி காயவில்லை. முட்டி வலி.

5 அக்டோபர், ஞாயிறு

கர்த்தரே.

ஜேசனுடைய சிநேகிதனுக்குக் காட்டலாமென்று பையைத் திறந்தேன். ஈர வாடை. இரும்புக் கரை நெடுக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, இரண்டு பலகையிலும் காவி நிறத்தில் துரு. விரலில் ஒட்டுகிறது. பையின் உள்துணியிலும் கோடு கோடாகக் கறை. வந்தவனிடம் பலகை மெலிசாவிடமே இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா!

தீர்த்தம் பட்டதா துருப்பிடிக்கும்? தீர்த்தமும் தண்ணிதானேடி. துடைச்சிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? மெழுகு அழுக்கு இல்லன்னு புள்ள படிச்சிப் படிச்சிச் சொல்லிட்டுத்தானே போச்சு. எனக்கு எங்க போச்சு புத்தி?

சாப்பிடவில்லை.

8 அக்டோபர், புதன்

ஜேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் செங்கில் ஃபேக்டரி சூப்பர்வைசர். இரும்பைப் பார்த்தால் அவனுக்குப் பயமே கிடையாது.

“மா, இதுக்குப் போயி அழுவுறீங்களா? என் கூட்டாளி கிரைண்டிங் கடை வச்சிருக்கான். ஒரு ஓட்டு ஓட்டுனா புதுசா ஆயிடும். மெலிசாவுக்கு ஒண்ணுமே தெரியாது.”

தெரியாது என்றதும் மூச்சு வந்தது. சனிக்கிழமை எடுத்துப் போகிறான்.

11 அக்டோபர், சனி

காலையில் பலகையைக் காரில் ஏற்றிவிட்டேன். கார் முனை திரும்பியதும்தான் ஞாபகம் வந்தது. மே மாதம் மெலிசா அந்தக் கரையை நகத்தில் உரசிக் காட்டி ஏதோ சொன்னாளே — இதில் ஒரு சாய்வு இருக்கு பாட்டி, அது மாறினா பனியில புடிப்பு போயிடும், திருப்புறப்ப விழுந்துருவேன் என்று. துரு இருந்தால் அவளுக்குக் கண்ணில் தெரியும். சாய்வு போயிருந்தால்? மலைமேல் போய்த்தானே தெரியும்.

ஜேசனுக்குப் போன் அடித்தேன்.

“திருப்புடா காரை.”

“மா, செங் சிக்னல்ல நிக்கிறேன். கூட்டாளி மெஷின ஆன் பண்ணி வச்சிருக்கான்லா!”

“ஆஃப் பண்ணச் சொல்லு. என் பேத்தி விழுந்தா உன் கூட்டாளியா வந்து தூக்குவான்?”

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தான். பலகையைக் கட்டில்மேல் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

12 அக்டோபர், ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து மெலிசாவுக்கு வீடியோ கால் போட்டேன். சுரண்டியது, மந்திரித்தது, துடைக்காதது, அவள் அப்பன் கிரைண்டிங் கடைக்குக் கிளம்பியது, எல்லாம் ஒரே மூச்சில்.

அவள் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

“கிட்டக் காட்டுங்க... மெதுவா. நிறுத்துங்க. துணியால துடைச்சிக் காட்டுங்க.” துடைத்தேன். “மேல மட்டும்தான் போல. குழி இருக்கா?”

“ஒரு எடத்துல சொரசொரங்குது.”

“சரி. இனி யாரும் தொடாதீங்க. அப்பாவும். வெளிய எடுத்து ஃபேன் போட்டுக் காயவைங்க.” அப்புறம், “பாட்டி, அது ஷோகேஸ் சாமான் இல்லலா.”

இல்லைதான்.

8 நவம்பர், சனி

மெலிசா வந்தாள். ரப்பர் மாதிரி ஒரு சாம்பல் நிறக் கல்லால் கரையை ஒரே திசையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். துரு போய்விட்டது. இடது பலகையில் சுண்டுவிரல் நீளத்துக்கு மட்டும் அரித்திருக்கிறது. அங்கே ஜப்பானில் கடையில் காட்ட வேண்டுமாம்.

திட்டவில்லை. நண்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். பையைத் தூக்கும்போதுதான் சொன்னாள்:

“அடுத்த வருஷம் அங்கயே காசு கட்டி வச்சிட்டு வந்துர்றேன் பாட்டி. உங்களுக்கும் தொந்தரவு இல்ல.”

தொந்தரவா? எனக்கா? வாசல் வரை போய் நின்றேன்.

25 ஜனவரி 2026, ஞாயிறு

மெலிசா பரீட்சையில் தேறிவிட்டாள். ஜேசன்தான் போன் பண்ணிச் சொன்னான். அப்புறம் அவளே கூப்பிட்டாள். குளிர், சாப்பாடு, பிள்ளைகள் சேட்டை எல்லாம் பேசினோம். பலகை எப்படி இருக்கிறது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

19 ஏப்ரல், ஞாயிறு

மெலிசா காரிலிருந்து இறங்கினாள். தோளில் அந்த நீளப் பை.

“அங்க வச்சிட்டு வரலயாடி?”

“இல்ல. இஸ்திரிப் பெட்டி எங்க பாட்டி?”

எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. மெழுகுக் கட்டியை என் கையில் வைத்தாள். “நீங்க பூசுங்க. நான் பாக்குறேன்.”

பெட்டியில் மெழுகை உருக்கினேன். அடியில் பூசி முடித்து, இரும்புக் கரையை விரல் விரலாக மூடிக்கொண்டே போனேன். இரண்டு இடத்தில் பத்தாது என்றாள். இன்னும் ஒரு பூச்சு. பையை மூடாமல், ஒரு மரத்துண்டின்மேல், உள் அறையில் நிறுத்தினோம்.

2 மே, சனி

ஜெபக்கூட்டம். புதிதாக இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். பிரிஜிட் அவர்களிடம், “எங்க அண்ணி வீட்டுல ஜப்பான் பலகை இருக்கு, காட்டச் சொல்றேன் பாருங்க” என்று ஆரம்பித்தாள். உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“நவம்பர் வரைக்கும் அத யாரும் எழுப்பக் கூடாது.”

“பாத்தா என்ன, தேஞ்சா போயிடும்?”

“துரு புடிச்சிடும்.”

கறிபஃப் தட்டை நீட்டினேன். பேச்சு மாறிவிட்டது. ஆனால் அந்த இரண்டு பெண்களின் முகமும் வாடித்தான் போனது. எனக்கும் காட்ட ஆசைதான்.

நாளைக்கு மெலிசாவுக்குச் சொல்ல வேண்டும்: பரீட்சை அன்றைக்கு எடுத்த போட்டோ இருந்தால் ஒன்று பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், உன் சின்னப் பாட்டி பிரிஜிட்டுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. பலகை இரண்டும் முழுசாகத் தெரியணும். பின்னால் மலை தெரியணும். உன் முகமும்.