கடைசி முட்டையின் ஓடு

வியாழன், இரவு

கூரியரில் வந்த பன்னிரண்டு கருங்கோழி முட்டைகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. வழியில் குலுங்கியதாலோ என்னவோ, டார்ச் அடித்துப் பார்த்தபோது மற்றவற்றில் கரு வளரவே இல்லை. இன்குபேட்டரில் வைத்து இன்று இருபத்தோராம் நாள். காலையில் அதிலிருந்த குஞ்சு ஓட்டைக் கொத்தியது, அலகு நுனி தெரிந்தது. இன்குபேட்டருக்குள் அது கத்துவது சமையலறை வரை கேட்டது.

முட்டை அனுப்பிய திண்டுக்கல் பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஆகும்மா. தானா வரும். தயவுசெஞ்சு கை மட்டும் வச்சிராதீங்க" என்றார். சரி என்றேன்.

மூன்று மணிக்குச் சத்தம் குறைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மூடியைத் திறந்து நகத்தால் ஓட்டை உரித்தேன். உள்தோல் கிழிந்து ரத்தம் வந்தது. குஞ்சு என் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது.

ராயப்பேட்டைக் கடையை மூடிவிட்டு வந்த கணவரிடம், "தானா செத்துப்போச்சு" என்றேன். அவர் உடனே பண்ணைக்காரரைக் கூப்பிட்டார்.

"இன்னா முட்டைய்யா அனுப்பிச்ச? என் பொண்டாட்டி மூணு வாரமா தூங்காம பாத்துக்கினு கீறா!"

ஸ்பீக்கரில் பதில் எனக்கும் கேட்டது. "மன்னிச்சிருங்க சார், எங்க தப்பாத்தான் இருக்கும். அம்மாகிட்ட நானே பேசுறேன்."

கணவர் போனை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"அம்மா, மனசு விட்றாதீங்க. கை வச்சிருந்தா உங்க தப்புன்னு சொல்லலாம். நீங்கதான் வைக்கவே இல்லையே?"

"ஆமாங்க, வைக்கல" என்றேன்.