நீ தூங்கிய இருபத்தைந்து நாள்

பொழிச்சலூர்,
ஜூன் 19, வியாழன்.

அன்பு மகன் எபிக்கு அப்பா எழுதுவது,

கர்த்தருடைய கிருபையால் இங்கே பாப்பா சுகம், ரேஷ்மா சுகம், அம்மாவும் முழங்காலைத் தவிர சுகம். உன் சுகத்தை வழக்கம்போல உன்னிடமே கேட்டு எழுதியிருப்பேன், இப்போது நீ சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்று தெரியாததால் அதை ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய், திங்கட்கிழமை அப்படித்தான் ஆனது, கடைசியில் நான்தான் பிபி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன். உன்னோடு ஒரே சைட்டில் வேலை பார்க்கிற செம்பாக்கம் ஐசக் லீவு முடிந்து சனிக்கிழமை தோஹா திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கவரை ஒட்டிவிட்டேன், உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் மேல் நீ கோபப்படக் கூடாது, அது என் முதல் வார்த்தை.

பாப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேற்று பம்மல் சுகாதார நிலையத்தில் எடை போட்டார்கள், நாலு கிலோ இருநூறு. பிறந்தபோது இரண்டு அறுநூறு இருந்தவள் முதல் வாரத்தில் இரண்டு முந்நூற்று ஐம்பதுக்கு இறங்கினாள் என்பதை உனக்கு நாங்கள் சொல்லவில்லை, தனியாக இருக்கிற பிள்ளை பயப்படும் என்று அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். குரோம்பேட்டை ஆஸ்பத்திரி டாக்டர், குழந்தை தூங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்பிப் பால் கொடுங்கள் என்றார். தலைக்கு மேலே பிளேன் போகும்போதெல்லாம் அசையாமல் தூங்குகிற குழந்தை அது, எழுப்புவதற்கு உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எங்கள் விரல்தான் வலித்தது. மூன்றாவது வாரத்திலிருந்து நிலைமை தலைகீழ். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிடித்தால் ஒன்பது வரைக்கும் விடாமல் குடிப்பாள், பத்து நிமிஷம் கண் மூடுவாள், மறுபடியும் வாயைத் திறப்பாள். பால் போதவில்லையோ என்று ரேஷ்மா அழுவாள், அவள் அழுதால் அம்மா அழுவாள். வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண் எபி அவள், இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், பெற்ற தாயும் இப்போது உயிரோடு இல்லை, அப்பா பெங்களூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அம்மாவால் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்.

ஏழாம் மாதத்தில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். இருபத்தஞ்சு நாள் லீவு கேட்டிருக்கேன்பா, பிரசவத்துக்கு முன்னாடியே வந்துடுவேன், நைட் டியூட்டி பூரா என்னோடது, நீங்க யாரும் எழுந்திருக்கவே வேணாம் என்றாய். தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மேனேஜர் லீவைக் கேன்சல் பண்ணிட்டான், சைட்ல ஷட் டவுன் வேலை, வேற சைட்டுக்கு அனுப்புறான், அங்க நெட்டும் சரியா கிடைக்காது என்றாய். நான் நம்பினேன். நம்பியது மட்டும் இல்லை, ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன், என் மகனுடைய மேனேஜரின் இருதயம் இளகும்படி ஜெபிக்கவும் என்று. ஐயர் அதை மைக்கில் வாசித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. அந்த மேனேஜர் செய்யாத குற்றத்துக்காக இத்தனை பேர் கண்ணை மூடி நின்றோம் என்று இப்போது நினைத்தால் எனக்குக் கோயிலுக்குள் நுழையவே கூச்சமாக இருக்கிறது.

பாப்பா பிறந்த பன்னிரண்டாவது நாள் நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று ரேஷ்மா கேட்டுக்கொண்டாள், இன்று அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். அவள் பால் கொடுக்கிற அறைக்குள் நான் போவதில்லை, கதவுக்கு வெளியே ஹாலில் படுத்துக்கொள்வேன், அவள் மாமா என்று கூப்பிட்டால் பாப்பாவை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்துத் திரும்பக் கொடுப்பேன், அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. அன்றைக்கு விடியற்காலம் பாப்பா சிணுங்கிக்கொண்டே இருந்தது, திடீரென்று சத்தம் நின்றது. குடிக்க ஆரம்பித்துவிட்டாள் போல என்று நினைத்தேன். ஆனால் குடிக்கிற சத்தமும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று ரேஷ்மா என்றேன், பதில் இல்லை, இன்னொரு தரம் கூப்பிட்டேன், அப்போதும் இல்லை. உள்ளே போகலாமா கூடாதா என்று அந்த நிலைப்படியில் நான் நின்றது எத்தனை நொடி என்று தெரியாது, அந்த நொடிகளுக்காக இன்னும் என்னை மன்னிக்க முடியவில்லை. போய்ப் பார்த்தால் அவள் உட்கார்ந்தபடியே சுவரில் தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள், பாப்பா மடியிலிருந்து நழுவி முகம் குப்புறத் தலையணையில் புதைந்து கிடந்தது. தூக்கினேன், முகம் கன்றிப் போயிருந்தது. முதுகைத் தட்டினேன், பிறகு அழுதது. அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. காலையில் டாக்டரிடம் ஓடினோம், ஒன்றும் இல்லை என்றார். அப்போதும் ரேஷ்மா சொன்னது என்ன தெரியுமா, அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா, பாவம், அங்க தனியா கஷ்டப்படுறாரு, இதைக் கேட்டா தூக்கமே வராது அவருக்கு.

அதற்கப்புறம் சுகாதார நிலையத்து திரிபுரசுந்தரி சிஸ்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். கண்டிப்பான அம்மா, வந்ததும் என்னைத்தான் திட்டினார்கள். பால் குடுக்குறதைத் தவிர மிச்ச எல்லா வேலையும் மத்தவங்க செய்யணும், துணி அலசுறது, குளிக்க வைக்கிறது, ஏப்பம் விடுறது, எல்லாம், இந்தப் பொண்ணு ஒரேயடியா நாலு மணி நேரம் தூங்கலேன்னா பால் எங்கேருந்து வரும் சார் என்றார்கள். ஆறு வாரம் வரைக்கும் குழந்தை இப்படித்தான் அடிக்கடி கேட்கும், பால் இல்லை என்று அர்த்தம் இல்லை, வயிறு சின்னது, கேட்கக் கேட்கக் கொடுத்தால்தான் பால் ஊறும் என்று ரேஷ்மாவுக்குச் சொல்லி, கண் சொருகும்போது உட்கார்ந்து கொடுக்கக் கூடாது என்று பக்கவாட்டில் எப்படிப் படுக்க வேண்டும், சுற்றிலும் தலையணை இல்லாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காட்டினார்கள். எனக்குப் பாலாடை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மறைமலை நகரில் முப்பத்தொரு வருஷம் மெஷின் ஓட்டின கை, அந்தச் சின்னக் கிண்ணத்தின் மூக்கை உதட்டில் வைத்துச் சாய்க்கத் தெரியாமல் முதல் நாள் பாதிப் பாலைக் கழுத்தில் விட்டது. இப்போது சொட்டு சிந்தாது. ரேஷ்மா ஒன்பதரைக்குப் பாலைப் பிழிந்து மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள், பன்னிரண்டு மணி பால் என்னுடையது, எப்படியாவது இரண்டு மணி வரைக்கும் நான் தாக்குப் பிடித்துவிடுவேன். பிறகு அவளிடம் கொடுத்துவிட்டு ஐந்து வரைக்கும் என் தூக்கம். எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, பாத்ரூமில் பல் தேய்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன், பால் பாக்கெட் வாங்கப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கடையில் நின்றிருக்கிறேன். அதெல்லாம் எனக்குப் பாரமாக இல்லை. என் மகனை மேனேஜர் விடவில்லை, அவன் இருந்தால் செய்வான், அவனுக்குப் பதிலாகத்தானே செய்கிறேன் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தரமும் எழுந்தேன்.

போன ஞாயிறு கோயில் முடிந்து ஐசக் வந்தான், பாப்பாவுக்குக் கவுனும் எங்களுக்குப் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தான். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, எபி சரியான கஞ்சன் அங்கிள், ஊருக்கு வந்து இருபத்தஞ்சு நாள் கொழந்தையோடவே இருந்துட்டு வந்தான், ஒரு போட்டோ காட்டல, கண்ணு பட்டுடும்னு சொல்லிட்டான் என்று சிரித்தான். நீ இந்தப் பக்கமே வரவில்லையே எபி. ரேஷ்மா அவனுக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஐசக் முன்னால் உன் மானம் போகக் கூடாது என்று நான், ஆமாம்பா, அவன் அப்படித்தான் என்றேன். என் வீட்டில் உட்கார்ந்து உனக்காக நான் சொன்ன பொய் அது. ரேஷ்மா டம்ளரை வைத்துவிட்டு, நான் அனுப்புறேண்ணா, உங்க நம்பர் குடுங்க என்றாள், குரல்கூட மாறவில்லை.

அவன் போனதும் அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன். அவளே வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தெரியும் மாமா என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து உங்கள் இரண்டு பேர் போனிலும் ஒருத்தர் இருக்கிற இடம் இன்னொருத்தருக்குக் காட்டுமாமே, நீ அதை மறந்துவிட்டாய். பாப்பா பிறந்த ஆறாம் நாள் அதில் தோஹாவுக்குப் பதிலாக ஜார்ஜியா என்று வேறொரு நாட்டைக் காட்டியதாம். முதலில் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாளாம். நாலு நாள் பார்த்துவிட்டு அவளே அதை அணைத்துவிட்டாளாம். ஏம்மா சொல்லவில்லை, அவனிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டா சண்டை வரும், சண்டை வந்தா அழுவேன், அழுதா பால் வராது மாமா, அப்ப பாப்பாவோட எடை ஏறணும், அது ஒண்ணுதான் என் மண்டைக்குள்ள இருந்துச்சு, அதோட உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா ஒடஞ்சி போயிடுவீங்க என்றாள். அப்படியானால் பன்னிரண்டாம் நாள் அவனுக்குச் சொல்லாதீர்கள், தூக்கம் வராது என்று அவள் சொன்னபோதே அவளுக்கு எல்லாம் தெரியும் எபி. என் முகத்துக்காகச் சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை நான் கூப்பிட்டபோது ஐசக் யாரையோ நினைத்து உளறுகிறான் என்று ஆரம்பித்தாய், ஜார்ஜியா என்ற வார்த்தையைச் சொன்ன பிறகுதான் நிறுத்தினாய். பயமா இருந்துச்சுப்பா, ஆறு வருஷமா வேலை வேலைன்னு ஓடிட்டேன், ஃப்ரெண்ட்ஸ் மலைமேல வீடு எடுத்திருந்தாங்க, ஒரு வாரம்னுதான் போனேன், அங்க படுத்தா அப்படி ஒரு தூக்கம் வந்துச்சு, கிளம்பவே முடியல என்றாய். நீ களைத்துப்போனதை நான் பொய் என்று சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது, பத்து நாள் தூங்கிவிட்டு வருகிறேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் உன் அம்மாவே போய்த் தூங்குடா என்று சொல்லியிருப்பாள். நீ தூங்குவதற்கு இந்த வீட்டில் மூன்று பேர் முழித்திருந்தோம், அதிலும் உன் மேல் இரக்கப்பட்டுக்கொண்டே முழித்திருந்தோம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவிடம் அன்று மத்தியானம் சொன்னேன். உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, அவன் பொறந்தப்போ நீங்க நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிட்டுப் போகலியா, பகல்ல கதவைச் சாத்திட்டுத் தூங்கலியா, நீங்க பிளேன் ஏறல, அவ்வளவுதான் என்றாள். முப்பத்திரண்டு வருஷமாக ஒரு நாளும் சொல்லாதவள். நான் கேட்டுத்தான் அந்த ஷிஃப்டை வாங்கினேன் என்று அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்கே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் எபி, அவசரம் என்று யாராவது பாக்டரி கேட்டில் வந்து என் டோக்கன் நம்பரைச் சொல்லியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். பன்னிரண்டாம் நாள் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன்னை நான் எந்த ஊரில் தேடியிருப்பேன்.

இனி நடக்கப்போவது. ரேஷ்மாவுக்கும் பாப்பாவுக்கும் விசா எடுக்க நீ அனுப்பிய பேப்பரில் அவள் கையெழுத்துப் போடவில்லை, பீரோவில் வைத்துவிட்டாள். லீவு முடிந்ததும் சேலையூர் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குத் திரும்பப் போகிறாளாம், அதுவரைக்கும் இங்க இருக்கலாமா மாமா என்று கேட்டாள். நம் வீட்டில் இருக்க அவள் அனுமதி கேட்கும்படி செய்தாயே. இது உன் வீடும்மா, அவன்தான் இனிமேல் கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்றேன். ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு பாப்பாவுக்கு ஞானஸ்நானம், தேதியை அவளே ஐயரிடம் சொல்லிவிட்டாள். நீ எழுதி அனுப்பிய மூன்று பெயர்களில் எதையும் வைக்கவில்லை, தன் அம்மா பேரான ஜீவாவை வைக்கிறாள், எங்களுக்குச் சம்மதம். உன்னை வரச் சொல்ல மாட்டாளாம், வந்தால் தடுக்கவும் மாட்டாளாம். அவளாகக் கூப்பிடும் வரை போன் பண்ணி அழாதே, சாக்லேட் பார்சல் அனுப்பாதே. வருவதானால் உண்மையாக லீவு எடுத்து வா, வந்தவுடன் அவளிடம் விளக்கம் கொடுக்க உட்கார்ந்துவிடாமல் பன்னிரண்டு மணிப் பாலை என்னிடமிருந்து வாங்கிக்கொள். பாலாடை பிடிக்க நான் சொல்லித் தருகிறேன். அவள் மனது திரும்புமா என்று எனக்குத் தெரியாது, அதற்கு நான் ஜாமீன் நிற்கவும் மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் காலையில் உன் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன், அதை நிறுத்த முடியவில்லை. கர்த்தர் உன்னைக் காத்து நேரான வழியில் நடத்துவாராக, அம்மாவின் முத்தங்கள். கவரை ஒட்டுவதற்கு முன்னால் ரேஷ்மாவிடம் பேனாவைக் கொடுத்து நீயும் ரெண்டு வரி எழுதும்மா என்றேன். வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எழுத ஒண்ணும் இல்ல மாமா, அந்த மலைமேல அவருக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சான்னு மட்டும் கேட்டு எழுதுங்க என்றாள். குத்தலாகச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. சொன்னபடி கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் ஆசை விடாத அப்பா,
ச. ஏசுதாசன்