குமாரின் சமையல் முறை

வெள்ளி இரவு, துபாய், ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்

ஊரையே உலுக்கிய கொலை வழக்கில் கைதானவன் எங்கள் ரூம் குமாரின் அண்ணன். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் குடும்பத்தையே தூக்கில் போடச் சொல்கிறது ஊர் வாட்ஸ்அப் குரூப். அதில் அதிகம் கத்தியது எங்கள் ரூம் செல்வம்தான்.

இன்று சமைக்கிற முறை குமாருடையது. மத்தியானம் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். யாரும் தட்டை எடுக்கவில்லை. செல்வம் எழுந்தான்.

"கேஸ் உங்க அண்ணன் மேல. இன்னிக்கு முறை உன்னோடது. வந்து ஊத்துடா."

குமார் வந்து எல்லோருக்கும் ஊற்றினான்.

இந்த ரூமில் இருப்பது இன்று எனக்குப் பெருமையாக இருக்கிறது. சாம்பாரில் உப்பே இல்லை. உப்பு குறைந்தால் சண்டைக்கு நிற்கிற செல்வம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான்.