கணப்பை வேனுக்குள் வைத்த மாலை

அன்புள்ள டெயோலிண்டாவுக்கு,

நீயும் கோழிகளும் சுகம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடிதத்தை யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் என் கை!

இங்கே பிரான்சில் திராட்சை பறிப்பு முடியப்போகிறது. கஸ்டோடியோவும் நானும் தங்கியிருக்கும் கேம்பர் வேனில், மத்தி மீன் வறுத்தாலே கூரையில் உள்ள அலாரம் அலறும். துண்டால் விசிறி அடக்குவோம்.

ஞாயிறு மாலை மழையும் கடும் குளிரும். வெளியே மீன் சுட்ட கரியடுப்பை, நம் ஊரில் மேசைக்கடியில் கணப்பு வைப்பதுபோல, உள்ளே தூக்கிவந்து கதவைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் அலாரம் அலறியது. விசிறினேன். ஓயவில்லை.

"அந்தச் சனியனோட பேட்டரியப் பிடுங்குடா கிழவா, தலை வெடிக்குது," என்றான் கஸ்டோடியோ, படுத்தபடியே.

"புகையே இல்லையேடா!"

"உன் மீன் நாத்தம் போதாதா அதுக்கு?"

பிடுங்கக் கை நீட்டினேன். எனக்கும் தலை சுற்றியது. அலாரத்தில் இரண்டு விளக்குகள் உண்டு. எரிந்துகொண்டிருந்த விளக்கின் கீழே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். புகை அல்ல, விஷவாயு.

கதவை உதைத்துத் திறந்து, அவனைக் காலைப் பிடித்து மழைக்குள் இழுத்தேன். சேற்றில் கிடந்து வாந்தியெடுத்தான். பிறகு என்னைத் திட்டினான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

இப்போது இருவரும் நலம். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. நீயும் இந்நேரம் கணப்பை மூட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்திருப்பாய். அங்கே அலற எதுவும் இல்லை. எழுந்துபோய் ஜன்னலைத் திற. திறந்துவிட்டு வந்து என் பெயரைப் படி.

உன்
அடெலினோ