ஏற்றம் முடிந்து மூன்று நிமிடம்

மே 6, செவ்வாய்

பதினான்காம் நம்பர் பஸ் மறுபடி நீலப் புகை விட்டுக்கொண்டு டிப்போவுக்குள் வந்தது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைப் பிப்ரவரியில்தான் மாற்றினோம். ஹர்தேவ் முதலாளி புகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒன்பது லட்சம் கிலோமீட்டர் ஓடின இன்ஜின். ரிங் போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுட்டு மலை ரூட்டையும் நிறுத்திடலாம். இன்ஜினியரம்மா என்ன சொல்றீங்க?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா? எனக்கே தெரியவில்லை.

மலை ரூட் என்றால் எங்கள் ஊர். அங்கே வேறு பஸ் கிடையாது. ஓட்டுவது இலியேசா, என் பெரியப்பா மகன். ரூட் நின்றால் அவர் வேலையும் போகும்.

சிலிண்டரின் அழுத்தத்தை, கம்ப்ரெஷனை, பார்க்காமல் பிஸ்டன் ரிங் போச்சு என்று எப்படிச் சொல்லலாம்? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். தலைநகர் சுவாவில் நான்கு வருஷம் படித்தது தலையாட்டவா? நாளைக்குக் கேட்கிறேன்.

மே 7, புதன்

கேட்டேன். மெதுவாகத்தான். ஆனாலும் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க பாஸ். ரிங்கா டர்போவான்னு பார்க்கணும்."

"நீ பார்த்தா புகை நின்னுடுமா? சரி, பாரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரும்புக்காரனை வரச் சொல்லியிருக்கேன்."

ஆயில் மூடியைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். ரிங் போயிருந்தால் அந்த வழியாகக் குபுகுபுவென்று புகை வரும். வந்தது லேசான மூச்சுத்தான். கம்ப்ரெஷன் ஆறு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இன்ஜின் கிழம்தான். சாகவில்லை.

மே 8, வியாழன்

காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ ஷாஃப்ட்டை விரலால் அசைத்தேன். மேலும் கீழும் கொஞ்சம் ஆடலாம், ஆயில் நிற்க இடம் வேண்டுமே. முன்னும் பின்னும் ஆடக் கூடாது. ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜை வைத்துத் தள்ளி இழுத்தேன். முள் துள்ளியது. கேஜ் சரியாக உட்காரவில்லையோ என்று எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் துள்ளியது. டர்போ இறக்கைகளின் ஓரம் கூட்டில் உரசிப் பளபளக்கிறது.

ஆக, இன்ஜின் இல்லை. டர்போ.

ஆனால் மூன்று மாதத்தில் எப்படி? பிரித்தேன். பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருக்கிறது. ஆயில் திரும்பும் குழாயில் கரி, அடுப்புக் கரி மாதிரி. ஆயிலோ நல்ல ஆயில். சூட்டோடு சூடாக அணைத்தால்தான் இப்படி ஆகும். ஏற்றம் ஏறிய டர்போ நெருப்பாக இருக்கும். உடனே இன்ஜினை நிறுத்தினால் உள்ளே நின்றுபோன ஆயில் கருகும். கரி ஷாஃப்ட்டைத் தின்னும்.

இலியேசா பத்தடி தள்ளி பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்வி. கேட்க முடியாது. அத்தை மகனாக இருந்தால் வாய் வலிக்கக் கேலி பேசியே கேட்டிருப்பேன். பெரியப்பா மகன், அண்ணன். பெரியவளானதிலிருந்து நாங்கள் நேருக்கு நேர் பேசியதில்லை, பேசவும் கூடாது, எங்கள் வழக்கம் அது. சின்ன வயதில் ஆற்றில் இறால் பிடிக்கும்போது "அந்தப் பக்கம் ஆழம், போகாதே" என்றார். அதுதான் கடைசி.

பழைய டர்போவோடு ஒன்பது வருஷம் ஓட்டியவர். இப்போது மட்டும் ஏன்?

முதலாளியிடம் "சூட்டில் அணைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னால் பஸ் பிழைக்கும், இலியேசாவின் வேலை போய்விடும். காரணம் தெரியாமல் சொல்ல மாட்டேன்.

மே 9, வெள்ளி

விக்கா அண்ணி சந்தைக்கு வந்தவள், சேப்பங்கீரை மூட்டையோடு டிப்போவுக்கும் வந்தாள். இலியேசாவின் பெண்டாட்டி. தினமும் அதே பஸ்ஸில்தான் வருவாள், போவாள்; இன்று யாரோ லாரியில் ஏற்றிவந்தார்களாம்.

"என்னடி நாத்தனாரே, என் புருஷன் வண்டிய அக்கக்கா பிரிச்சுப் போட்டுட்டே? கோழிய உரிச்ச மாதிரி கிடக்கு."

"அண்ணி, ஏத்தம் ஏறினதும் வண்டிய என்ன பண்றாங்க?"

"என்ன பண்றது? உச்சிக்கு வந்ததும் அணைச்சிடுவாரு. அப்புறம் ஊருக்குள்ள சத்தமில்லாம உருட்டிக்கிட்டே வர்றோம், பேய் பஸ் மாதிரி. உள்ள யாரும் தும்மக்கூட மாட்டோம். ஊர்த் தலைவர் செத்து நூறு ராத்திரி துக்கம் முடியலியே."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மார்ச்சில் அந்தச் சாவுக்கு நானும் போனேன். துக்கம் முடிகிற வரைக்கும் ஊரில் மரமுரசு அடிக்கக் கூடாது, யாரும் கத்தக் கூடாது. பஸ் மட்டும் உறுமலாமா? இலியேசா உறுமவிடவில்லை.

நேராக முதலாளியிடம் போனேன். யோசித்தால் போக மாட்டேன் என்று தெரியும்.

"டர்போதான் பாஸ். இன்ஜின் நல்லாயிருக்கு. சூட்டுல அணைச்சதால போச்சு."

"அப்ப டிரைவர் தப்பு. வீட்டுக்கு அனுப்பு."

"இல்ல. முழுசா கேளுங்க." நானா அப்படிச் சொன்னேன்? சொன்னேன். துக்கத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் சாவுக்குப் போனப்ப நானே சத்தம் வரக் கூடாதுன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நடந்தேன்." அப்புறம் விரலை நீட்டினார். "இன்னொரு டர்போ. ஒரு மாசம். கழட்டி நீயே காட்டணும். ஆடுச்சுன்னா ரூட்டும் கிடையாது, உங்க அண்ணனும் கிடையாது."

வாசலில் இரும்புக்காரன் லாரி நின்றது. வெறும் லாரியாகத் திரும்பிப் போனது.

மே 10, சனி

அண்ணியிடம் சொல்லி அனுப்பினேன்: ஏற்றம் முடிந்ததும் பஸ் நிற்கட்டும், இன்ஜின் மட்டும் மூன்று நிமிடம் ஸ்லோவில் ஓடி ஆறட்டும். பிறகு அணைக்கட்டும். எங்கே நின்று என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

மே 13, செவ்வாய்

டர்போ மாட்டியாயிற்று. இலியேசா சாவியை என் கையிலிருந்து வாங்கவில்லை. பெஞ்சில் வைத்தேன், எடுத்துக்கொண்டார்.

மே 16, வெள்ளி

அண்ணி வந்தாள், வாயெல்லாம் புகார்.

"உன் அண்ணன் யங்கோனா வேர்க்கட்டக் காணிக்கையா வெச்சு, அனுமதி கேட்டு பெரியவங்ககிட்டப் போயி உட்கார்ந்தாரு. ஊர் எல்லை மாமரத்துக்கு அந்தப் பக்கம் நின்னு ஓடவிட்டா ஊருக்குள்ள கேக்காது, நின்னுக்கோன்னுட்டாங்க. இப்ப தினமும் அங்க நின்னு வாட்சையே முறைக்கிறாரு. எவ காத்திருப்பா? மூட்டையத் தூக்கிக்கிட்டு நாங்க இறங்கி நடக்கிறோம். உன் ஷாஃப்ட்டுக்கு முதுகு இல்லடி, எனக்கு இருக்கு!"

சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு டிப்போவில் சத்தமாக.

மே 29, வியாழன்

மழை. சேற்றில் ஏறி வருகிறது பஸ். புகை இல்லை. இன்னும் நம்ப மாட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

காற்றுக் குழாயைக் கழற்றினேன். டயல் கேஜை வைத்தேன். "நகரு, நானே தள்ளிப் பார்க்கிறேன்" என்று முதலாளி வந்துவிட்டார். தள்ளினார், இழுத்தார். முள் சும்மா மூச்சு விட்ட மாதிரி அசைந்து நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். அதே இடம்.

"ம்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் மலை ரூட்டின் டைம் பலகையைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

இலியேசா தூரத்தில் நின்றார். பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு.

ஜூன் 21, சனி

நூறாவது ராத்திரி முடிந்தது. விருந்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். மரமுரசு அடித்தார்கள். குழந்தைகள் இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்துக் கத்தினார்கள்.

சாயங்காலம் பெரியப்பா வீட்டு வாசலில் அண்ணியோடு மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மாமரத்தைத் தாண்டி, நேரே வீட்டு முன்னால் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். இன்ஜின் அணையவில்லை. ஸ்லோவில் ஓடிக்கொண்டே இருந்தது. இலியேசா ஸ்டீயரிங் மேல் கை வைத்து, எதிரே மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அணைச்சுத் தொலையுங்களேன், காது போகுது!" என்று அண்ணி கத்தினாள். அவர் வாட்சைப் பார்த்தார். அணைக்கவில்லை.

நான் தலை நிமிரவில்லை. உரித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று நிமிடம் கழித்து அணைத்தார். டர்போ தனியாகச் சுற்றுகிற மெல்லிய விசில் மட்டும் மிச்சம். அது இறங்கி, இன்னும் இறங்கி, எங்கேயும் உரசாமல் நின்றது.