கட்டிலை விட்டு இறங்கிய குற்றம்

என் சைக்கிள்கார அப்பாவுக்கு,

அங்கே உன்னை யாரும் கட்டிப்போடவில்லையே? முதலில் அதைச் சொல். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். என் கோபமும் நன்றாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டு, "அந்த டாக்டர மன்னிச்சு விட்டுடும்மா ஸ்டெல்லா" என்றார். "வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க சாமி, கேக்குறேன். இத மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நம்மூர்ப் பண்ணை ஆண்டை வீட்டு வாசலில் சைக்கிளை விட்டு இறங்காமல் மிதித்துப் போன முதல் ஆள் நீ. அதற்கு அடி வாங்கினாய். மறுநாளும் மிதித்தாய். அதன்பிறகு எவனுக்காகவும் நீ தோள்துண்டை எடுத்ததில்லை. அப்படிப்பட்ட உன்னை, மறதி நோய் பதினைந்து வயதுக்கு இழுத்துக்கொண்டுபோய்த் திரும்பவும் பண்ணையாளாக நிறுத்திவிட்டதே! அந்த நோயை யாரிடம் போய்க் கேட்பது?

டாக்டரைக் கேட்கலாம். தஞ்சாவூரில் புதிதாகக் கண்ணாடி வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரியில், வெறும் காய்ச்சலுக்குத்தான் உன்னைச் சேர்த்தார்கள். வெள்ளைக் கோட்டோடு பெரிய டாக்டர் வந்து நின்றால் போதும், நீ கட்டிலை விட்டுத் தரையில் இறங்கிவிடுவாய். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கும்புடுறேன் ஆண்டே" என்பாய். ஒருநாள் சலைன் ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் கொட்டியது. "பேஷண்ட் ஓடப் பாக்குறார், கையக் கட்டுங்க" என்றாராம்.

"ஓடலீங்க டாக்டர். ஒங்களப் பாத்துத்தான் மரியாதைக்கு எறங்குறாரு. நீங்க கொஞ்சம் ஒக்காந்து பேசுனா படுத்துக்குவாரு" என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டு, அவளையும் வார்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

நான் அப்போது குவைத்தில் நர்ஸ். யாரோ ஒரு பெரியவருக்கு, அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் பதிலாக நான் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். லீவு கிடைத்து வந்து பார்த்தால் உன் இரண்டு மணிக்கட்டிலும் துணி அறுத்த தடம். "தண்ணி, தண்ணி" என்று கட்டில் கம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தாய். டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டேன். அப்போதும் நீ எழுந்து நிற்கத்தான் பார்த்தாய். அன்று சாயங்காலம் போய்விட்டாய்.

சரி, சேதியைக் கேள். குவைத்தை முடித்துக்கொண்டு வந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வெளிநாட்டு அனுபவம் என்றால் வாயைப் பிளக்கிறார்கள். மறதிக்காரர்கள் வார்டுக்கு இப்போது நான்தான் பொறுப்பு. கக்கூஸ் கதவுக்கு மட்டும் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறேன், தேடித் தவிக்க வேண்டாம் பார். வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்கலாம். டாக்டர்கள் கோட்டை வெளியே மாட்டிவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். கட்டும் துணி எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன், ஒன்றைத் தவிர.

அது அன்று உன் கையிலிருந்து அவிழ்த்து நான் எடுத்துவைத்தது. இந்த வார்டில் வேலை பார்க்கும் எல்லோரும் அந்தத் துணியில் ஒரு மணி நேரம் கட்டுண்டு கிடந்து பார்க்க வேண்டும். பயிற்சி என்று எழுதிக் கொடுத்தேன், நிர்வாகம் கையெழுத்துப் போட்டுவிட்டது. போன வாரம் ஒரு சின்ன டாக்டர் பாதியிலேயே அழுதுவிட்டார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

மீட்டிங் மீட்டிங் என்று தப்பித்துக்கொண்டிருந்த பெரிய டாக்டரும் மாட்டிக்கொண்டார். நாளைக் காலை அவர் முறை. உன்னைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். "எந்த சவரிமுத்து?" என்கிறார். அவருக்கு எந்த நோயும் இல்லை அப்பா.

உன் மேல் சத்தியம், முடிச்சை நான்தான் போடுவேன். டம்ளரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பேன். தண்ணீர் கேட்பார், கேட்கட்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சைக்கிளிலிருந்து ஆரம்பித்து நீ யார் என்று அவருக்குச் சொல்லுவேன். ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

முடிச்சை அவிழ்க்கப் பிந்தி வந்த உன் மூத்த மகள்,
ஸ்டெல்லா